மாகாளிக்கு விழுந்த தூக்க முறை

தவிட்டுக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது பெரிய அநியாயம். அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடிக்கிற விஷயமா அது?

முப்பது வீடு, ஒரு குளம், குளத்திலிருந்து ஒரு வாய்க்கால், அவ்வளவுதான் ஊர். வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு இன்னார் முறை என்றால் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஊர் வயல் அத்தனைக்கும் பாய்ச்சிவிட்டு வருவார். மற்ற வீட்டுக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முறை வைக்கிறவர் புலமாடன் அண்ணாச்சி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த ஏற்பாடு நன்றாக இருக்கிறதே என்று போகப்போக எல்லாவற்றுக்கும் முறை வைத்தார்கள். கோயில் மணி அடிக்க ஒரு வீடு. வெளியூரில் சாவு என்றால் துட்டிக்குப் போய் அழுதுவிட்டு வர ஒரு வீடு. மழை நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கக்கூட ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தால் ஊரே சுள்ளென்ற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஊரில்தான் நம் உச்சிமாகாளி இருந்தான். மாகாளி என்று கூப்பிடுவார்கள். கொஞ்சம் வாழைத்தோட்டம், நல்ல மனசு, தூக்கம் என்றால் உயிர். அதைவிடப் பெரிய உயிர் ஒன்று அம்பாசமுத்திரத்தில் இருந்தது. தாய்மாமன் மகள் செல்லக்கனி. அவளுக்கும் அவன்மேல் ஆசைதான். ஏன் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

மாமா அனஞ்சபெருமாள் இரும்புக்கடை வைத்திருந்தார். நாற்பது வருஷமாகப் பகலில் கண்ணை மூடாத மனுஷன். அதை, ஆணி வாங்க வருகிறவனிடம்கூடச் சொல்லித்தான் நிறுத்துக் கொடுப்பார். பங்குனியில் ஒருநாள் கல்யாணப் பேச்சை எடுக்கலாமா என்று ஊருக்கு வந்தவர், நேரே தோட்டத்துக்குப் போனார். வாழைக்கு உரம் வைக்கப் போன மாகாளி வாழையடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். உச்சி வெயில் நேரம்.

மாமா செருப்புக் காலால் தட்டி எழுப்பினார். “பகல்ல தூங்குத பயலுக்கு எம் மக கிடையாதுல. சித்திரை முடியுததுக்குள்ள சொல்லாம கொள்ளாம ஒருநா வருவேன். உச்சிப் பொழுதுல நீ முழிச்சிருந்தா பொண்ணு உனக்கு. கட்டில்ல கிடந்தேன்னா சைக்கிள் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்கு.”

மாகாளிக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே குலசாமி பேரைச் சொல்லி, இனிமேல் பகலில் கண்ணை மூடுவதில்லை என்று சத்தியம் பண்ணினான். பாவம், ஒரு வாரம் ஒழுங்காகத்தான் இருந்தான்.

அந்தச் சமயம் பார்த்தா ஒரு பயிற்சியாளர் ஊருக்கு வந்து தொலைய வேண்டும்! செல்வம், ஆரோக்கியம், நல்வாழ்வு என்று மூன்றையும் ஒரே பேச்சில் கொடுக்கிறவராம். சித்திரை வெயிலில் கோட்டு வேறு. பள்ளிக்கூட மைதானத்தில் மைக்கைப் பிடித்தார்.

“அதிகாலையில் எழ வேண்டும். தினமும் நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வருமானத்தில் சேமிக்க வேண்டும். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். இத்தனைக்கும் மேலாக நிம்மதியாகத் தூங்க வேண்டும்! தவிட்டுக்குளம் இதை ஒரு மாதம் விடாமல் செய்யட்டும். அப்புறம் இது தவிட்டுக்குளம் இல்லை, தங்கக்குளம்!”

மைதானத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கைதட்டினார். அந்த வாரம் கைதட்டும் முறை அவருக்கு. மனுஷர் கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். பயிற்சியாளர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், இன்னும் ஏதேதோ நல்லது சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதும் புலமாடன் அண்ணாச்சி ஊரைக் கூட்டினார்.

“தவிட்டுக்குளம் செய்யணும்னு சொல்லிட்டாவ. செஞ்சிருவோம். யாருக்கு என்ன முறைன்னு சீட்டு எடுக்க வேண்டியதுதான்.”

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். “அண்ணாச்சி, இதெல்லாம் ஆளுக்கு ஆளு தனித்தனியாச் செய்யணுமோ?”

“ஏன் வே, நேத்து உம்ம வயலுக்குத் தண்ணி பாஞ்சுதா?”

“பாஞ்சுது.”

“நீரு மண்வெட்டியத் தொட்டீரா?”

“இல்ல.”

“பொறவு என்ன கேள்வி? எல்லாத்தையும் எல்லாரும் செய்யணும்னா முறைன்னு ஒண்ணு எதுக்கு? மைக்ல ரொம்பச் சொல்லிட்டுப் போயிருக்காரு. பாதிய இந்த மாசம் பாப்போம், மீதிய வைகாசிக்கு வைப்போம்.”

சீட்டு எடுத்தார்கள். நடக்கிற முறை வண்டிமறிச்சானுக்கு. அதிகாலையில் எழுகிற முறை பேராச்சி அக்காவுக்கு. தண்ணீரும் சேமிப்பும் நயினாருக்கு. சிரிக்கிற முறை தளவாய்க்கு. அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று பெண்டாட்டிக்கே நினைவில்லை.

மாகாளி சீட்டைப் பிரித்தான். தூக்கம்.

“அய்யோ அண்ணாச்சி, இது வேண்டாம்! மாமா வந்து பாத்தா என் வாழ்க்கையே போச்சு! வேற எது வேணும்னாலும் தாங்க. நடக்கேன், ஓடுதேன், குளத்தையே குடிக்கேன்!”

“விழுந்த முறைய மாத்தினா வாய்க்கால் வத்திரும்டே” என்றார் அண்ணாச்சி. “ஒரு வீட்டுத் தூக்கமா? முப்பது வீட்டுத் தூக்கம். ராத்திரி மட்டும் தூங்கினா எப்படிக் காணும்? பகல்லயும் தூங்கித்தான் ஈடுகட்டணும்.”

அதோடு முடிந்தது பேச்சு.

மறுநாளிலிருந்து ஊர் முன்னேற ஆரம்பித்தது. பேராச்சி அக்கா விடியுமுன்னே எழுந்தார். எழுந்தால் போதுமா? அது அவர் வீட்டுக்கு மட்டும்தானே! திரும்பப் படுத்து எதிர்வீட்டுக்காக எழுந்தார். இன்னொரு தடவை படுத்துப் பக்கத்து வீட்டுக்காக எழுந்தார். முப்பது வீட்டுக்கும் எழுந்து முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும், இடுப்பு கழன்றிருக்கும்.

வண்டிமறிச்சான் ஊர் நடை மொத்தத்தையும் ஒரே மூச்சில் நடக்கலாம் என்று தெற்கே பார்த்துக் கிளம்பினான். சில நாளில் கன்னியாகுமரியிலிருந்து போன் பண்ணினான்.

“அண்ணாச்சி, கடலு வந்திருச்சு. என்ன செய்ய?”

“நடை முடிஞ்சுதா?”

“சரியா முடிஞ்சுது.”

“அப்ப நில்லு. திரும்பி வாரதுக்கு நடந்தேன்னா அது கூடுதல் நடை. யாரு கணக்குல எழுதுதது? வைகாசியில யாருக்கு முறை விழுதோ அவன் வந்து ஒன்னக் கூட்டிட்டு வருவான்.”

வண்டிமறிச்சான் சுண்டல் வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்துவிட்டான்.

நயினார் குடம் குடமாகக் குடித்துக்கொண்டு தென்னந்தோப்பிலேயே குடியிருந்தார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோப்பில் உட்கார்ந்தபடியே ஊருக்காகச் சேமிக்கவும் செய்தார். சேமிப்பைத்தான் நயினார் பார்த்துக்கொள்கிறாரே என்று மற்றவர்கள் தைரியமாக ஆளுக்கொரு பட்டுச்சேலையும் பித்தளை அண்டாவும் வாங்கினார்கள். கையில் பணம் குறைந்தால் நயினாரிடமே கடன் கேட்டார்கள்.

தளவாய் கதைதான் பரிதாபம். பக்கத்து ஊரில் ஒரு துட்டி விழுந்தது. போன இடத்தில் நேரம் பார்த்துச் சிரிப்பு முறை வந்துவிட்டது. பிணத்துக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடியே, “ஹா, ஹா, ஹா” என்று கடமையைச் செய்தார். அந்த ஊர்க்காரர்களும் அவர்கள் கடமையைச் செய்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்த தளவாயிடம் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, “முழுசாச் சிரிச்சு முடிச்சீரா, பாதியில விட்டுட்டீரா?” என்பதுதான்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. தூக்கம் ஒன்றுதான் நடக்கவில்லை.

குளத்தங்கரை ஆலமரத்தடியில் கட்டில் போட்டு, மெத்தை விரித்து, மாகாளியைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊரில் வேறு யாரும் தூங்குவதில்லை. முறை இல்லாதவன் தூங்கினால் அது அடுத்தவன் மடையைத் திருட்டுத்தனமாகத் திறக்கிற மாதிரி. யாராவது தூக்கத்தில் லேசாகச் சாமியாடினால்கூடப் பக்கத்தில் இருப்பவர் கிள்ளிவிடுவார். எல்லார் கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து கிடந்தது. பால் கறக்கப் போனவர் காளைமாட்டுக்கு அடியில் செம்பை வைத்துக்கொண்டு உதை வாங்கினார்.

மாகாளிக்கோ பொட்டுத் தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? கண்ணை மூடினால் செருப்புக் காலோடு மாமா வந்து நிற்கிறார். மாமாவுக்குப் பின்னால் செல்லக்கனி சைக்கிளில் போகிறாள், முன்னால் கடைக்காரன் மிதிக்கிறான். வாழ்நாள் முழுக்கத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் வராத பயலுக்கு, தூங்கு தூங்கு என்று ஊரே கெஞ்சும்போது தூக்கம் ஓடிப்போய்விட்டது.

கட்டிலைச் சுற்றி ஊர் கூடி நின்றது.

“மாகாளி, ஊரே ஒனக்காக முழிச்சுக் கிடக்கு. நீ எங்களுக்காகத் தூங்க மாட்டியாடே?” என்று பேராச்சி அக்கா அழுதார்.

“கண்ணத்தான் மூடியிருக்கேனே அக்கா!”

“கண்ண மூடுனா தூக்கமா?” என்றார் ஒருவர். “பொணம்கூடத்தான் கண்ண மூடியிருக்கு.”

“மூடின கண்ணுல எங்களுக்குப் பங்கு இல்லையா?” என்றார் இன்னொருவர்.

“இல்ல வே” என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். “மடையத் திறந்தா தண்ணி சத்தம் கேக்கும்லா? தூக்கம் பாஞ்சா குறட்டை கேக்கணும். சத்தம் இல்லாத தூக்கம் ஊர்க் கணக்குல ஏறாது.”

பாலைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். கசகசா அரைத்துக் கொடுத்தார்கள். தாலாட்டுப் பாடும் முறைக்காரர் வந்து கட்டைக் குரலில் பாட, தூளியில் கிடந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுததுதான் மிச்சம். இப்படியே சித்திரை முழுக்க ஓடி, கடைசி நாளும் வந்தது.

அன்றைக்கு உச்சிப் பொழுதில் அனஞ்சபெருமாள் பஸ்ஸை விட்டு இறங்கினார். கூடவே செல்லக்கனி. பயல் எப்படியும் தூங்கிக்கொண்டுதான் இருப்பான், மகள் கண்ணால் பார்த்துவிட்டால் சைக்கிள் கடைக்காரனுக்குத் தலையாட்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் கூட்டி வந்திருந்தார்.

ஆலமரத்தடியில் கட்டிலைப் பார்த்ததும், “பாத்தியா உன் அத்தானை!” என்று வெற்றிச் சிரிப்போடு வேகமாக நடந்தார். கிட்டே போனால், மாகாளி ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு கிடந்தான்.

மாமா திகைத்துப் போனார். குனிந்து கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். முழிப்புதான், சந்தேகமே இல்லை. மெத்தை, தலையணை, விசிறிவிட இரண்டு ஆள் என்று சகல வசதியும் இருந்தும் உச்சி வெயிலில் ஒருத்தன் தூங்காமல் இருக்கிறான்!

“மருமகனே!” என்று கத்திவிட்டார். “கட்டில்ல கிடந்தேன்னா பொண்ணு இல்லன்னு நாந்தான் சொன்னேன். கட்டில்ல கிடந்தும் முழிச்சிருக்க பாரு, இது என்னாலகூட முடியாது! எந்திரிடா, பொண்ணு உனக்குத்தான்!”

மாகாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து மாமா காலில் விழப் போனான். எழ முடியவில்லை. நாலு பேர் காலையும் நாலு பேர் தோளையும் பிடித்து அமுக்கினார்கள்.

“படுல!” என்றார் அண்ணாச்சி. “மாமா வந்தா ஊர்த் தூக்கத்த யாரு தூங்குவா? ஒரு மாசமா ஒரு குறட்டை விடல. இன்னிக்கு மாசக் கடைசி. நாளைக்கு உச்சியோட முறை முடியுது. அதுக்குள்ள மொத்தத்தையும் தூங்கிக் குடுத்துட்டு எங்க வேணும்னாலும் போ.”

“ஓய், என் மருமகனைத் தூங்கச் சொல்ல நீரு யாரு?” என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க தூக்கத்த எழுப்ப நீரு யாரு வே?” என்று ஊர் காலைப் பிடித்து இழுத்தது.

“மாமா, விட்டுராதீங்க!” என்று நடுவில் மாகாளி அலறினான். மாமாவுக்கும் ஊருக்கும் நடுவே அவன் ஒரு சாண் நீண்டே போனான்.

செல்லக்கனிதான் கேட்டாள். “ஏன் அண்ணாச்சி, தண்ணி முறைய வேற ஆளுக்கு மாத்திக் குடுக்க வழியே இல்லையா?”

“உண்டு தாயி. சம்பந்தகாரங்களுக்கு மட்டும் மாத்தலாம். ஆனா சம்பந்தம் உறுதியாயிருக்கணும்.”

“அப்பா, சம்பந்தம் உறுதின்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் அதுல படுங்க. அத்தானை விட்டுருவாங்க.”

“நானா? பகல்லயா? நாப்பது வருஷமா…”

“படுக்கத்தானப்பா சொல்லுதேன். தூங்கவா சொன்னேன்?”

மருமகன் கை தோளோடு கழன்றுவிடும்போல இருந்தது. வேறு வழியில்லை. “சம்பந்தம் உறுதி! உறுதி! விட்டுத் தொலைங்க!” என்று சொல்லிவிட்டு அனஞ்சபெருமாள் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

நல்ல இலவம்பஞ்சு மெத்தை. குளத்துக் காற்று. இரண்டு பக்கமும் விசிறி. நாற்பது வருஷத்துப் பகல் தூக்கம் அவருக்குள் எங்கேயோ மூட்டை கட்டிக் கிடந்திருக்கிறது. தலையணையில் தலை பட்டதும் அத்தனையும் அவிழ்ந்துவிட்டது. லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு குறட்டை கிளம்பியது.

ஊர் ஆனந்தக் கண்ணீர் விட்டது. “முப்பது வீட்டுக்கும் பாயுது வே!” என்று ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதமாகக் கண் மூடாதவர்கள், நாமும் தூங்கி எழுந்தாகிவிட்டது என்று சோம்பல் முறித்துக்கொண்டு சுறுசுறுப்பாக வேலைக்குப் போனார்கள்.

மாமா விடியும்வரை தூங்கினார். விடிந்தும் தூங்கினார். அன்று வைகாசி மாதப் பிறப்பு, நல்ல முகூர்த்தம். மாகாளிக்கு ஒரே கவலை. மாமா முழித்து மனசு மாறிவிட்டால்?

“உறுதின்னு அவரு வாயாலதானே சொன்னாரு?” என்றாள் செல்லக்கனி. “இன்னிக்கே கட்டிருங்க அத்தான்.”

“மாமாவைக் கேக்காமயா?”

கேட்கத்தான் செய்தார்கள். அண்ணாச்சி கட்டிலருகே குனிந்து, முறை கெட்டுவிடாதபடி மெதுவாக, “அனஞ்சபெருமாள், இன்னிக்குக் கல்யாணம் வச்சுக்கிடலாமா?” என்றார். பதிலுக்கு ஒரு நீளமான குறட்டை வந்தது. “மறுப்பு ஒண்ணும் சொல்லல” என்று அண்ணாச்சி எல்லாரையும் பார்த்துச் சொன்னார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் வைத்தார்கள். அவர் கையைப் பிடித்தே மகள் கையை மாப்பிள்ளை கையில் கொடுத்துத் தண்ணீர் வார்த்தார்கள். தாலியும் கட்டியாயிற்று. மாதம் மாறியதால் பந்தலிலேயே சீட்டும் எடுத்தார்கள். சம்பந்தி என்ற மரியாதைக்கு அவர் கையையும் சீட்டு டப்பாவுக்குள் விட்டு ஒன்று எடுக்க வைத்தார்கள்.

உச்சிப் பொழுது ஆனதும் முறை முடிந்தது என்று மேளத்தைக் காதருகே கொட்டி எழுப்பினார்கள். அனஞ்சபெருமாள் துள்ளி எழுந்து பார்த்தார். பந்தல். வாழைமரம். மாலையும் கழுத்துமாக மகள்.

இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். “அடப் பாவிகளா! ஒத்தை மகடா எனக்கு! இந்தக் கல்யாணம் செல்லாது! செல்லக்கனி, மாலையக் கழட்டு, நட ஊருக்கு!”

செல்லக்கனி முகம் வாடிவிட்டது. மாகாளி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். மாமா இன்னும் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி நடுவே வந்தார்.

“இருங்க, இருங்க. கோபப்படுதது இந்த மாசம் உம்ம முறை இல்ல வே. கோபத்தைக் குறைக்கணும்னு அந்தக் கோட்டுக்காரர் சொன்னது இந்த மாசத்துலதான் வருது. மொத்த ஊருக்கும் சேத்து ஒரே ஆளாக் குறைச்சிட்டோம். மந்திரமூர்த்தி, இங்க வாடே.”

பூக்கட்டுகிற மந்திரமூர்த்தி வந்தார். ஈயை விரட்டும்போதுகூட ‘போங்க’ என்கிற ஆள். மாமா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “சொல்லுங்க, எந்த விஷயமாக் கோபம்?” என்று கேட்டார்.

“எந்த விஷயமாவா! என் மக கல்யாணத்தை நான் பாக்கல! கடைத்தெருவுல ஒருத்தனுக்குப் பத்திரிகை வைக்கல! என்னைக் கட்டில்ல பிணம் மாதிரித் தூக்கிட்டு வந்திருக்காங்க!”

“பாயசம்?”

“பாயசம்கூட ஒரு வாய் குடுக்கல!”

“சரிங்க, விளங்கிட்டு” என்று மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம் பந்தலே அதிர்ந்தது. “ஏல மாகாளி! பெத்த தகப்பன் தூங்கும்போது தாலி கட்டுன திருட்டு மூதி! நீ உருப்படுவியா? பாயசம் ஒரு வாய் குடுக்க வக்கில்ல, உனக்குப் பொண்டாட்டி ஒரு கேடா!” சொம்பு ஒன்று பறந்தது. வாழைமரம் ஒன்று சாய்ந்தது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கோபப்படாத மனுஷர், கிடைத்த முறையைச் சும்மா விடுவாரா? மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்து உருட்டவே ஆரம்பித்துவிட்டார்.

முதலில் “அப்படிக் கேளும்! நல்லாக் கேளும்!” என்று தலையாட்டிக்கொண்டிருந்த அனஞ்சபெருமாளுக்குக் கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் மந்திரமூர்த்தியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“விடும்வே, விடும். சின்னஞ்சிறுசுக. தாலி ஏறிப் போச்சு, இனிமே என்ன செய்ய? பாயசம் என்னவே பெரிய பாயசம்? எனக்கு ஒரு கோபமும் இல்ல. நான் சமாதானம் ஆயிட்டேன்!”

அண்ணாச்சி மகிழ்ந்து போனார். “பாத்தீகளா! தூக்கத்துல இவரு கை எடுத்த சீட்டு இதுதான். சமாதானம் ஆகுத முறை. முழிச்சதும் முழிக்காததுமா ஆரம்பிச்சிட்டாரு!”

சொன்னதுதான் தாமதம், பந்தலில் வரிசை நின்றுவிட்டது. வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் வந்து மாமா கையைக் குலுக்கிச் சமாதானமாகிவிட்டு இந்தப் பக்கம் போனான். தம்பி வந்து அவரைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு அந்தப் பக்கம் போனான். கோழிக்காகப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட ஒருத்தி, மருமகளோடு பேசாத மாமியார், தளவாயை அடித்த பக்கத்து ஊர்க்காரர்கள் என்று எல்லாரும் அவரிடம் சமாதானமாகித் திருப்தியோடு கலைந்தார்கள். அண்ணன் தம்பி இன்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

வரிசையின் கடைசியில் மாகாளியும் செல்லக்கனியும் மாலையோடு நின்றார்கள்.

“என்னல, மஞ்சக் கயிறு ஈரம் காயல, அதுக்குள்ள சண்டையா?” என்று மாமா பதறினார்.

“இல்ல மாமா, இன்னும் போடல” என்றான் மாகாளி. “அடுத்த மாசம் இந்த முறை எந்த மூதிக்கு விழுமோ! அதான், ஒரு வருஷத்துக்கு வேண்டிய சமாதானத்த இப்பவே மொத்தமா முடிச்சுக்கிட்டுப் போயிரலாம்னு பாக்கோம். சண்டைய வீட்டுக்குப் போயி சாவகாசமாப் போட்டுக்கிடுதோம்.”